படம் சொன்ன அண்ணை

அவருக்குப் படம் பார்க்கிற பழக்கம் இல்லை. படம் சொல்லுகிற பழக்கம்தான் இருந்தது. அதுவும் ஒரேயொரு படம். கனடாவில், வோபர்னில் எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றில், அந்த நிலத்தடி அறையில், அவர் வாடகைக்கு இருந்த ஒன்பது வருடத்தில் அந்தப் படத்தை நான் முழுதாக நாலு தரமும், துண்டு துண்டாக எத்தனையோ தரமும் கேட்டிருக்கிறேன். சொல்லி முடிக்க இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். நடுவில் இடைவேளை விடுவார். இடைவேளையில் பால் விடாத பிளேன்ரீ குடிப்பார். அந்த நேரம் கதையைப் பற்றி ஏதாவது கேட்டால் கையைக் காட்டி மறித்துவிடுவார்.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இது புதினமில்லை. முந்தி ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் தியேட்டருக்குப் போக வாய்க்கும். போய் வந்தவர் மிச்ச ஆட்களுக்குப் படத்தைச் சொல்ல வேண்டும். சண்டை, பாட்டு, யார் என்ன நிறச் சட்டை போட்டிருந்தது, எல்லாம் சொல்ல வேண்டும். ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவனை அடுத்த முறை அனுப்ப மாட்டார்கள். இதை என் மகளுக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. "ஸோ, நீங்க எல்லாரும் ஸ்பொய்லர் கேட்டு ஹப்பியா இருந்தீங்களா அம்மா?" என்றாள். அவளுக்கு அப்போது பதினாறு வயது. எதற்கும் ஒரு ஆங்கில வார்த்தை வைத்திருப்பாள்.

படம் என்னவென்றால், வெள்ளைக்காரர் அமெரிக்கக் காடுகளுக்குள் புதிதாகக் குடியேறப் போன காலத்துக் கதை. பேர்போன ஒரு பழைய நாவலை வைத்து எடுத்தது. காட்டு வழி தெரிந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், குடியேற வந்த பத்துப் பன்னிரண்டு சனத்தை மலை தாண்டிக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். குதிரை, கரடி, துவக்குச் சூடு, பனி, எல்லாம் வரும். மலை தாண்டினதும் இடைவேளை. அதற்குப் பிறகு ஒரு பெரிய ஆறு. ஆற்றில் ஒரேயொரு தோணி. தோணியில் எல்லாருக்கும் இடமில்லை. காலில் காயம்பட்ட தம்பியைக் கரையில் இருத்திவிட்டு, "உவையளை அக்கரையில விட்டிட்டு வாறன்" என்று அண்ணன் போவான்.

இந்த இடத்தில் எங்கள் பேஸ்மென்ற் அண்ணையின் குரல் தணிந்துவிடும். ஆறு பெருகும். தம்பி கரையிலேயே கிடப்பான். அந்தக் காட்டுச் சனம், அங்கத்தைய பூர்வீகக் குடிகள், அவனைத் தூக்கிக்கொண்டு போய் மருந்து கட்டும். அவன் அந்தக் கரையிலேயே ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு இருப்பான். வருடங்கள் போகும். கடைசியில் ஒரு நாள் அண்ணன் வருவான். தலை நரைத்து, தாடி நரைத்து, அதே தோணியில் வருவான். தோணி கரையில் முட்டும்.

"பிறகு?" என்று யாராவது கேட்பார்கள்.

"பிறகென்ன, படம் முடிஞ்சுது. எழும்புங்கோ."

ஒரு வருடம் ஐஸ் மழை பெய்து, மரக்கொப்புகள் முறிந்து, இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் போனது. பக்கத்து வீட்டு நானாவும் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நானா புத்தளத்துப் பக்கத்து முஸ்லிம், அதனால்தான் நானா என்று கூப்பிடுவோம். வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கிறவர். எங்களிடம் காஸ் அடுப்பு இருந்தது. பின்னேரம் எல்லாரும் ஜக்கெற்றோடு குந்தியிருக்கும்போது அண்ணை கீழேயிருந்து மேலே வந்தார். கறிவேப்பிலை போட்டு வைக்கிற வெறும் ஐஸ்கிறீம் டப்பா ஒன்றை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். விரல்களால் தட்டினார். குதிரை வந்துவிட்டது. நானாவின் மனைவி கையிலிருந்த ரீயைக் குடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தா. என் மகள்கூட ஃபோனைக் கீழே வைத்தாள். பற்றரி இல்லை என்பது வேறு கதை.

அந்த ஒரு பின்னேரம்தான் அவர் சிரித்துக் கதைத்து நான் பார்த்தது. மற்ற நாட்களில் அவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு பொதி பண்ணுகிற இடத்தில் வேலை. மூன்று பஸ் மாறிப் போய் மூன்று பஸ் மாறி வருவார். கல்யாணம் கட்டவில்லை. சோறு போட்டுச் சாப்பிட ஒரு கோப்பை, ஒரு கப், ஒரு கரண்டி. பனி கொட்டினால் எங்கள் வாசலை வழித்துவிட்டு, நானா வீட்டு வாசலையும் வழித்துவிட்டு, அதற்கும் அப்பால் யாரென்றே தெரியாத சீனக் கிழவியின் வாசலையும் வழிப்பார். "உங்களுக்கென்ன விசரோ அண்ணை, முதுகு முறிஞ்சிடும்" என்று நான் கத்துவேன். கத்தினால் உள்ளே வந்து ரீ குடிப்பார். ரீக்காகத்தான் வழித்தார் என்று எனக்குக் கனகாலம் கழித்துத்தான் விளங்கியது.

அவருடைய ஃபோனுக்கு சாமான் விற்கிறவர்கள் மட்டும்தான் எடுப்பார்கள். ஒருநாள் உடுப்புத் தோய்க்கக் கீழே போனேன். அவர் ஃபோனில், "டூ பிரதர். வெரி பிக் ஃபொரஸ்ற். எல்டர் பிரதர் நோ ஸ்மைல்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுபக்கத்தில் இருந்தது கார்ப்பெற் கழுவ ஓடர் கேட்டு எடுத்த ஒரு பெண். பாவம், அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மேலே வந்து மகளுக்குச் சொல்லிச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அவருக்கு ஊரில் ஒரு தம்பி இருந்தான். ஆறு வயது இளையவன். இவர் கனடாவுக்கு வரும்போது, "ஆறு மாசத்தில உன்னைக் கூப்பிடுவன்" என்று சொல்லிவிட்டு வந்தவர். இவருக்கு இங்கே இருக்கிறதுக்குப் பேப்பர் கிடைக்கவே ஒன்பது வருடம் போனது. அதற்குள் அங்கே சண்டை, ஷெல், இடப்பெயர்வு. தம்பிதான் தாயைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தவன். தாய் செத்தபோதும் அவன்தான் தனியாக எல்லாம் செய்தான். இவர் இங்கிருந்து ஃபோன் எடுத்தபோது, "இனி எடுக்காதையுங்கோ அண்ணை" என்று சொல்லி வைத்துவிட்டான். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

இதை அவர் ஒருமுறைதான் சொன்னார். "பேப்பர் கிடைச்ச பிறகு ஒருக்காப் போய்ப் பாத்திருக்கலாமே அண்ணை" என்று கேட்டேன். "என்ன முகத்தோட பிள்ளை போறது?" என்றார். ஊருக்குப் போய் வருகிறவர்களிடம் அவர் தம்பியைப் பற்றி விசாரித்ததே இல்லை. "அங்கால மழையோ?" என்று மட்டும் கேட்பார். மழை என்றால் ஓம் என்று தலையை ஆட்டுவார். மழை இல்லை என்றாலும் அப்படியேதான் ஆட்டுவார். அந்தத் தம்பி ஒருநாள் அவரோடு கதைக்க வேண்டும் என்பதைத் தவிர, அந்த மனுசனுக்கு இந்த உலகத்தில் வேறு தேவை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இனி நான் செய்த புத்திசாலித்தனத்துக்கு வருகிறேன்.

அவருக்கு அறுபது வயது முடிகிறது என்று ஏதோ ஃபோர்ம் நிரப்பும்போது தெரியவந்தது. யாரும் கொண்டாட இல்லை. சேர்ட் வாங்கிக் கொடுத்தால் மடித்து வைத்துவிடுவார். அந்தப் படத்தின் டிவிடி நூலகத்தில் இருக்கும் என்று மகள் சொன்னாள். எடுத்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரையும் கூப்பிட்டு, சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் சமைத்து, ரிவிக்கு முன்னால் கதிரைகளை வரிசையாக வைத்தேன். அவர் ஸ்திரி போட்ட சேர்ட்டும் எண்ணெய் வைத்துச் சீவிய தலையுமாக மேலே வந்தார். இருங்கோ என்று நான் சொல்லும் வரை நின்றார்.

முதல் பாதி அவர் சொன்னபடியே இருந்தது. அச்சொட்டாக. கரடி வருகிற இடத்தில் கரடி வந்தது. அண்ணன் சிரிக்கவேயில்லை. வசனத்துக்கு முன்னால் அவருடைய உதடு அசைந்தது. மலை தாண்டினதும் நான் படத்தை நிறுத்தி இடைவேளை விட்டு பிளேன்ரீ கொடுத்தேன். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒன்றுமே பொருந்தவில்லை. காட்டுச் சனம் மருந்து கட்ட வரவில்லை. சுட வந்தது, சூடுபட்டு விழுந்தது. "திஸ் இஸ் ஸோ ரேஸிஸ்ற். அங்கிள்ட கதையில இப்பிடி இல்லையே" என்று மகள் முணுமுணுத்தாள். ஆறு வந்தது. அண்ணன் தோணியில் ஏறினான். அக்கரையில் இறங்கி, ஆட்களோடு மேட்டில் ஏறி, ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கரையில் தம்பி சின்னப் புள்ளியாகத் தெரிந்தான். பெரிய இசை. பெயர்கள் ஓடத் தொடங்கின.

"அண்ணே, இதை விட உங்கட படம் எவ்வளவோ நல்லமே!" என்றார் நானா. எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை."

"வேற டிஸ்க் ஏதும் இருக்கோ பிள்ளை?"

"இல்லை அண்ணை. இவ்வளவுதான்."

கப்பைக் கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டுக் கீழே போனார்.

நாலைந்து நாள் கழித்து, வாசலில் ஐஸ் உருக உப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார். இளம் வயதில், யாழ்ப்பாணத்தில் ஒரு தியேட்டரில், தம்பியைக் கூட்டிக்கொண்டு அந்தப் படத்துக்குப் போயிருக்கிறார். படத்துக்குப் போக ஆசைப்பட்டது தம்பி. அவன் அந்த நாவலைத் தமிழில் வாசித்துவிட்டு ஒரு மாதமாக நச்சரித்தவன். இடைவேளையில் இவருடைய கூட்டாளிகள் வெளியே நின்றிருக்கிறார்கள். எங்கேயோ போவோம் வா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். "நீ பார், படம் முடிய முந்தி வாறன்" என்று சொல்லிவிட்டு இவர் போய்விட்டார். போனவர் தியேட்டருக்குத் திரும்பவில்லை. பெடியன் படம் முடிந்து, சனமெல்லாம் போன பிறகும் வாசலில் நின்று பார்த்துவிட்டு, மூன்று கட்டை தூரம் நடந்து வீட்டுக்கு வந்திருக்கிறான்.

"வந்து ஒரு சொல்லும் சொல்லேல்லை பிள்ளை. அம்மாவிட்டயும் சொல்லிக் குடுக்கேல்லை. பின்னேரம் எனக்குப் பக்கத்தில வந்து இருந்து, நான் பாக்காத மிச்சப் படத்தைச் சொன்னவன். நான் இவ்வளவு நாளும் உங்களுக்குச் சொன்னது அவன் சொன்னதைத்தான்."

ஒரு பிடி உப்பை அள்ளிப் படியில் எறிந்தார்.

"படத்தில தமையன் வரேல்லை. தமையன் வந்தான் எண்டு தம்பி எனக்குப் பொய் சொல்லியிருக்கிறான். ஏன் சொன்னவன்?" என்று கேட்டார். உப்புச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக் கேட்டார். அதற்கு அவரிடமே பதில் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். என் வாயால் கேட்க விரும்பினார். நான் ரீ போடப் போகிறேன் என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள் நான்.

அதோடு அவர் படம் சொல்வதை விட்டுவிட்டார். பனி வழித்தார், உள்ளே வரவில்லை. ரீக்குக் கூப்பிட்டால் "இப்பதான் குடிச்சனான்" என்றார். கீழே ரிவிச் சத்தம் இல்லை, ரேடியோச் சத்தம் இல்லை, தண்ணி ஓடுகிற சத்தம் மட்டும் காலையில் ஒருமுறை கேட்கும். என் கணவர், "அவரை விடும், தேவையில்லாத வேலை பாத்தது காணும்" என்றார். போதும்தான். ஆனால் எனக்கு நித்திரை வரவில்லை. ஒரு மனுசனிடம் இருந்த ஒரேயொரு சாமானை நான் பிறந்தநாள் பரிசு என்று சொல்லி உடைத்துவிட்டேன்.

நூலகத்துக்கு டிவிடியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, நாவல் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. தடித்த புத்தகம், பொடி எழுத்து, அந்தக் காலத்து இங்கிலீசு. நான் ஒரு பல் வைத்தியரின் ரிசெப்ஷனில் இருக்கிறவள். பல்லுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டு காத்திருக்கிற ஆட்களுக்கு நடுவே மூன்று கிழமை அதை வாசித்தேன். காட்டை வர்ணித்தே என்னைக் கொன்றான் அந்த எழுத்தாளன். ஆனால் கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோது மேசையில் கையூன்றி எழும்பிவிட்டேன். காட்டுச் சனம் தம்பியைத் தூக்கிக்கொண்டு போய் மருந்து கட்டுகிறது. அவன் கரையில் கொட்டில் போடுகிறான். வருடங்கள் போகின்றன. நரைத்த தலையோடு அண்ணன் வருகிறான். தோணி கரையில் முட்டுகிறது. அந்த வரியோடு புத்தகம் முடிகிறது.

வேலை முடிந்து நேரே பேஸ்மென்ற் கதவைத் தட்டினேன்.

"அண்ணை, தம்பி பொய் சொல்லேல்லை. புத்தகத்தில வாறான்."

"ஆர்?"

"தமையன். படம் எடுத்தவங்கள்தான் வெட்டிப்போட்டாங்கள். புத்தகத்தில அவன் வாறான். தம்பி உங்களுக்குப் படத்தைச் சொல்லேல்லை, புத்தகத்தைச் சொல்லியிருக்கிறான்."

புத்தகத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கடைசிப் பக்கத்தை வாசித்துக் காட்டவா என்று கேட்டேன். "வேண்டாம் பிள்ளை, வாறான் எண்டது காணும்" என்றார். கட்டிலில் இருந்தார். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "படம் அப்பிடி முடியிது எண்டு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் என்னட்ட வந்து தமையன் வருவான் எண்டு சொல்லியிருக்கிறான். அவனுக்கு அப்ப பதின்மூண்டு வயசு" என்றார்.

இங்கே பக்கத்தில், வெக்ஸ்போர்ட்டில், அவருக்கு மச்சாள் முறையான ஒருத்தி இருந்தா. தம்பியின் நம்பரை அவவிடம் வாங்கினோம். மகள் அவருடைய ஃபோனில் வட்ஸ்அப் போட்டுக் கொடுத்தாள். கீழே சிக்னல் இழுக்காது என்று, ஒரு சனிக்கிழமை விடிய, எங்கள் குசினி மேசையில் வந்து இருந்தார். அங்கே பின்னேரம். ஃபோனைக் காதில் வைக்காமல் கண்ணாடி பார்க்கிற மாதிரி முகத்துக்கு முன்னால் பிடித்திருந்தார். மகள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள். எழும்பிப் போவோம் என்று நான் பார்க்க, இருங்கோ என்று கையைக் காட்டினார். தனியே அதைச் செய்ய அவருக்குப் பயம்.

"ஆர்?" என்றது ஒரு குரல்.

"நான்... கனடாவில இருந்து."

மறுபக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. காகம் கத்தியது. வைத்துவிடப் போகிறான் என்றே நினைத்தேன்.

"சொல்லுங்கோ" என்றான் தம்பி. கடைக்கு வந்தவனுக்குச் சொல்லுகிற மாதிரி.

என்னெல்லாம் கேட்க வேண்டும் என்று இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தவர். சுகமோ, பிள்ளைகள் எத்தனை, அம்மாவை எங்கே எரித்தது. எல்லாம் மறந்துபோனது. "நாங்கள் ரெண்டு பேரும் பாத்த இங்கிலீசுப் படம் ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டார்.

"எந்தப் படம்?"

அவர் என்னைப் பார்த்தார். ஃபோனை வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துக்கொண்டு, "ஒரு பெரிய காடு. ரெண்டு பேர், தமையனும் தம்பியும்..." என்று தொடங்கினார். குதிரை, கரடி, மலை, ஒன்றையும் விடவில்லை. தம்பி உம் கொட்டவும் இல்லை, வைக்கவும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது.

மலை தாண்டினதும் நிறுத்தினார். "இதில இடைவேளை. இதில நான் எழும்பிப் போட்டன்" என்றார்.

"ஓம்" என்றான் தம்பி.

"படம் முடிய முந்தி வாறன் எண்டனான். வரேல்லை."

"ஓம்."

"மிச்சத்தை இப்பதான் பாத்தனான்." மிச்சத்தையும் சொன்னார். தான் முப்பது நாப்பது வருடமாக எல்லாருக்கும் சொன்ன முடிவை அவர் சொல்லவில்லை. ரிவியில் பார்த்ததைச் சொன்னார். "தம்பியைக் கரையில விட்டிட்டுத் தமையன் தோணியில போறான். மேட்டில ஏறி ஒருக்காத் திரும்பிப் பாக்கிறான். பிறகு போறான். வரேல்லைத் தம்பி. அவன் திரும்பி வரேல்லை. படம் முடிஞ்சுது."

என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஃபோனிலிருந்து அந்தக் குரல், "புத்தகத்தில வருவான்" என்றது.

"ஓம். இஞ்ச பிள்ளை வாசிச்சுப்போட்டுச் சொன்னது." ஃபோனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார். "வந்தவனோட... தம்பி கதைச்சவனோ?"

தம்பி தொண்டையைச் செருமுவது கேட்டது.

"பெரிசாக் கதைக்கேல்லை. சாப்பிட்டியளோ அண்ணை எண்டு கேட்டவன்."

அந்தப் புத்தகத்தைக் கடைசிச் சொல் வரைக்கும் வாசித்தவள் நான். அதில் அப்படி ஒரு வரி கிடையாது.

அவர் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இன்னும் இல்லைத் தம்பி" என்றார்.